என்னிடம் சொல்லாதே என்றேன்

என்னிடம் டியூஷன் படிக்கிற நிமலனின் தாய் யோகம் என் கதவை நகத்தால் சுரண்டினார். பிற்பகல் மூன்று மணியிருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகளில் அந்த நேரத்து வெயில் எதிர்ச் சுவரில் பட்டு நேரே வீட்டுக்குள் வரும். அந்த வெளிச்சத்தில் அவருடைய முகம் வெளுத்துப்போயிருந்தது. கையில் மகனின் சாப்பாட்டுப் பெட்டி.

உள்ளே வந்ததும் கதவைத் தானே சாத்தினார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போய் நின்றார்.

“இதுக்குள்ள போட்டிருக்கிறது இவன்ர சப்பாத்துக்குள்ள இருந்தது மிஸ். நீங்கள் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனீங்கள். என்னெண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

திறந்து பார்த்தேன். நாலைந்து ஈயத்தாள் துண்டுகள், சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அது. ஒரு பக்கம் புகை பிடித்துக் கறுத்திருந்தது. சுருட்டிய கடதாசிக் குழல் ஒன்று. தபால்முத்திரை அளவில் மடித்த இரண்டு சரைகள். ஒன்றைப் பிரித்தேன். மண்ணிறத் தூள். லேசாக வினாகிரியின் புளித்த வாடை.

“வேற என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“தேப்பன்ர மணிக்கூட்டைக் காணேல்லை. ரெண்டு கிழமையாத் தேடுறன். கேட்டால் கத்துறான். ராவில நித்திரை இல்லை, பகலில எழும்பிறானில்லை. ஆரோ ரெண்டு பேரோட போறான், வாறான்.”

மணிக்கூடு, ஈயத்தாள், தூள், நெருப்பு. மனதில் இருந்ததை இரண்டு பேருமே வாயால் சொல்லவில்லை.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். தூளைக் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஈயத்தாள்களைப் பொடியாக நறுக்கி, அன்றைய மீன் கழிவோடு சேர்த்துக் கட்டினேன். பெட்டியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

“இதை ஆருக்கும் காட்டினீங்களோ?”

“இல்லை மிஸ்.”

“ஒருத்தருக்கும் வாய் திறக்காதேங்கோ. ஊரில இருக்கிற தேப்பனுக்கு டெலிபோனிலயும் சொல்லாதேங்கோ. நான் பொடியனோட கதைக்கிறன்.”

யோகம் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தோம்

இந்தத் தொடரைப் படித்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து கேட்டிருந்தாள், “மிஸ், நீங்கள் கெட்டிக்காரியாய் இருந்த கதையள் மட்டும்தானோ எழுதுவீங்கள்?” என்று. நியாயமான கேள்வி. அவளுக்காக இந்த வாரம் நான் முட்டாளாக இருந்த கதை. முட்டாள் என்பதுகூட என்மேல் காட்டும் இரக்கம்தான். படித்துக்கொண்டு போங்கள், தெரியும்.

இன்று வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஒரு தாயும் ஒரு கெமிஸ்ட்ரி ஆசிரியையும் ஹெரோயினைப் பார்த்து வெடிமருந்து என்று நினைப்பார்களா? அந்த யுத்த வருடங்களில் கொழும்பில் தமிழராக இருந்து பாருங்கள், பிறகு சிரியுங்கள்.

வீட்டில் எத்தனை பேர் என்று பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய அந்தத் தாளை அலுமாரியில் வைத்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு நாள் விருந்துக்கு வந்த மச்சாளுக்கும் பதிவு வேண்டும். என் தோழியின் கணவர் ரோசாச் செடிக்கு யூரியா வாங்கிக்கொண்டு வந்து, அது எதற்கு என்று விளக்குவதற்கு ஒரு முழு நாள் ஸ்டேஷனில் இருந்தார். நான் வீட்டில் வைத்திருந்த கந்தகம், கொண்டீஸ் என்கிற பொட்டாசியம் பெர்மங்கனேற், பழைய பற்றரி எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, பரிசோதனைகளைக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தேன். பிள்ளைகளும் பார்க்காத நிறமாற்றத்தைப் பார்த்ததாக எழுதி ஏ எடுத்தார்கள்.

யோகம் வன்னி தாண்டி, தோணியிலும் லொறியிலும் வந்து, இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருந்ததற்கு ஒரே காரணம் நிமலன்தான். ஊரில் அவனோடு படித்தவர்களில் பாதிப் பேர் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். கணவர் அரசாங்க உத்தியோகம், விட்டுவிட்டு வர முடியாது. ஒற்றைப் பிள்ளையைக் காப்பாற்ற இந்தப் பெண் தனியாக வந்து, பதினாறு வயதில் அவனைக் கொழும்புப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். ஒரே ஒரு பயத்தோடு வந்தவர். வேறு பயத்துக்கு அவரிடம் இடமில்லை.

எனக்கு அந்த வேறு பயம் இருந்திருக்க வேண்டும். நான் துறைமுகப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வினாகிரி வாடை எந்தத் தூளில் வரும் என்று புத்தகத்திலும் படித்தவள். அந்த வாடையை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். பயம் வந்தால் மூக்கும் வேலை செய்யாது போலிருக்கிறது.

ஸ்டீபன் மாமா

கொட்டாஞ்சேனை என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த ஸ்டீபன் மாமா. துறைமுகத்தில் வேலை. அபின் விழுங்குவார். கடலைப் பருப்பு அளவில் கறுத்த உருண்டை.

சில நாட்களில் வேலை முடிந்து வரும்போது கோயில் மதில் ஓரத்தில் சரிந்துவிடுவார். அவருடைய மனைவி தெருவில் நின்று, கூச்சமே இல்லாமல், முழுத் தெருவுக்கும் கேட்கக் கத்துவார்: “இந்த மனுசன் இண்டைக்கும் உருண்டைய விழுங்கிட்டு விழுந்து கிடக்கு. ஆராவது வந்து ஒரு கை பிடியுங்கோவன்!” அப்பாவும், எதிர்வீட்டு முஸ்லிம் நானாவும், சிங்களத் தையற்காரரும் போய்த் தூக்கி வருவார்கள். அவர் மூச்சு விடுகிறாரா என்று யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். நாட்டு வைத்தியர் ஒருவர் உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கிக் கொடுத்தார்.

ஸ்டீபன் மாமா பேரப்பிள்ளைகளைக் கண்டு, கிழவனாகித்தான் செத்தார். அந்தத் தெருவில் ஒருவருக்கும் பட்டம் கிடையாது. வெள்ளவத்தையில் நாங்கள் படித்தவர்கள். எங்கள் பிள்ளைகள் டொக்டராகவும் இன்ஜினியராகவும் வருபவர்கள். அதனால் எங்கள் தெருக்களில் யாரும் கத்துவதில்லை.

நிமலனோடு கதைத்தேன்

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நிமலனை நிற்கச் சொன்னேன். உயரமான பொடியன். கொப்பி எழுத்து அவ்வளவு அழகு. அன்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். தடிமன் என்றான். கண்ணின் நடுவில் கறுப்பு ஒரு கடுகளவுதான் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பயன்?

“அம்மா எல்லாம் கொண்டுவந்து காட்டினவ,” என்றேன்.

அவன் தலையைக் குனிந்தான். காது சிவந்தது. பிறகு, “மிஸ்… நான் ஒண்டு சொல்லட்டோ? நான் விடப் பாத்தனான். ஏலாமக் கிடக்கு. அது என்னெண்டால்…” என்று தொடங்கினான்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“வேண்டாம். எனக்கு ஒண்டும் சொல்லாதை. ஆர் குடுத்தது, எங்க கொண்டுபோறது, ஒரு பேரும் எனக்குத் தெரியவேண்டாம். நாளைக்கு என்னைப் பிடிச்சுக் கேட்டாலும் எனக்குத் தெரியாது எண்டு நான் உண்மையாச் சொல்லவேணும்.”

அந்தக் காலத்தில் இது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பக்கத்து அறையில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்கமாட்டோம். வெளிநாடு போகிறவன் எந்த வழியால் போகிறான் என்று கேட்கமாட்டோம். தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரு பிள்ளை வாயைத் திறந்து உதவி கேட்டபோது, அந்தப் பழக்கத்தைத்தான் நான் அவன் வாய்க்குள் திணித்தேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. என்னையே பார்த்தான். விளங்கியதும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

“ஐயோ மிஸ், நீங்கள் இயக்கமெண்டோ நினைச்சனீங்கள்? சத்தியமா இல்லை மிஸ். அம்மாவாணை இல்லை.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. நானும் சிரித்தேன். அன்று பின்னேரமே ஓட்டமும் நடையுமாகப் போய் யோகத்திடம் சொன்னேன்: “பயப்பிடாதேங்கோ. இயக்கம் இல்லை. வடிவாக் கேட்டிட்டன். பொடியள் ஏதோ விளையாட்டுக்கு வைச்சிருந்திருக்கிறாங்கள்.”

யோகம் அழுதார். சுவாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார். எனக்குப் பால்தேத்தண்ணியும் வாழைப்பழ வாய்ப்பனும் தந்தார்.

காசிம் நானா சொன்னது

எங்கள் ஒழுங்கை முகப்பில் காசிம் நானாவின் சில்லறைக் கடை. வீடு மாளிகாவத்தையில், கடை இங்கே. எனக்கு எப்போதும் நல்ல முட்டையாகப் பார்த்துத் தருகிற மனுசன். இரண்டு கிழமை கழித்து முட்டையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், கோவிச்சுக்கப்படாது. ஒங்கட கிளாஸுக்கு வார மூணு பொடியன்மார் ரயில் பாதைக்கு அங்கிட்டு, கடக்கரைக் கல்லுக்குப் பொறகால நிண்டு குடுத்தூள் அடிக்கிறானுகள். எங்கண்ணால கண்டன். ஈயத்தாள் கேட்டு எண்ட கடைக்கே வாரானுகள்.”

“எங்கட பிள்ளையள் அப்பிடியில்லை நானா,” என்றேன். வெடுக்கென்றுதான் சொன்னேன்.

“நாங்களும் அப்பிடித்தான் சென்னம் மிஸ். எங்கட பக்கம் நாலு பொடியன்மார்ட ஜனாஸா எடுத்த பொறகுதான் பள்ளிவாசல்ல வெச்சுக் கதைச்சம். பேர் சொல்லித்தான் கதைச்சம். வெக்கம்தான், என்ன செய்ய?”

முட்டையோடு வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். ஈயத்தாள், குழல், கடுகளவு கண், வினாகிரி வாடை. எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நான் எதைக் கழுவி ஊற்றினேன் என்றும் விளங்கியது.

அன்றே போய் யோகத்திடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என்னென்ன சாட்டுச் சொல்லிக்கொண்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. சோதனைக்கு ஆறு கிழமை இருக்கிறது, இப்போது குழப்பக்கூடாது என்றேன். நானா பிழையாகக் கண்டிருக்கலாம் என்றேன். உள்ளே கிடந்த உண்மை வேறு: என் வகுப்பில் தூள் குடிக்கிறார்கள் என்று வெளியே தெரிந்தால் அடுத்த நாள் வகுப்பு வாங்குகளெல்லாம் காலி. அதைவிட, யோகத்தின் முன்னால் போய் நின்று, நான் பிழைவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பது நாள் போனது.

சனிக்கிழமை காலை

காலை எட்டு மணிக்கு யோகம் வெறுங்காலோடு ஓடி வந்தார். நிமலன் குளியலறைக்குள் விழுந்து கிடக்கிறான், கதவை உடைத்துத் திறந்தோம் என்றார். ஓடினேன்.

சீமெந்துத் தரையில் குந்தியபடி சரிந்திருந்தான். உதடு நீலம். மூச்சு இருந்தது. ஒன்று வந்து, அடுத்தது வருமா என்று காத்திருக்க வைத்து வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று, “ஆஸ்பத்திரிக்கெண்டால் பொலிஸ் வரும். பதிவுத் தாளை எடுங்கோ முதல். ஐசியை எடுங்கோ. வழியில செக்பொயின்ற் இரண்டு கிடக்கு,” என்றார். கெட்ட மனுசன் இல்லை. போன மாதம் பதிவுத் தாள் இல்லாமல் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூன்று மணிநேரம் வீதியில் நின்றவர்.

பதிவுத் தாளைத் தேடினோம். சொல்லவே நாக்குக் கூசுகிறது. ஒரு பிள்ளை தரையில் மூச்சுக்குத் திணற, மூன்று பெரிய மனிதர்கள் அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தோம். தாள் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. அடையாள அட்டை கிடைக்கவில்லை. காசிம் நானா சத்தம் கேட்டு வந்து, எங்களைத் தள்ளிவிட்டு, பொடியனைத் தோளில் தூக்கித் தன் வானில் போட்டார். அதற்குள் அரைமணிக்கு மேல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். என்னிடம் திரும்பி, “மெயா குடு கஹனவாத?” என்று கேட்டார். தூள் பாவிக்கிறவனா என்று கேட்கிறார். யோகம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிங்களம் அவருக்கு விளங்காது.

“நே டொக்டர். ஹொந்த லமயெக்,” என்றேன். இல்லை, நல்ல பிள்ளை.

டொக்டர் என் பதிலைச் சட்டை செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தார். நேரம் பிந்திவிட்டது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஓர் ஊசியிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பான் என்று பிறகு சொன்னார். அதை எனக்குத்தான் சொன்னார். நான் யோகத்துக்கு மொழிபெயர்க்கவில்லை.

மாரடைப்பு

பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்தது. ‘திடீர் மாரடைப்பால் காலமானார்’ என்று போட்டிருந்தது. பதினேழு வயதுப் பொடியனுக்கு மாரடைப்பு. வெள்ளவத்தை முழுவதும் அதை வாசித்தது. யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், “படிப்பு, படிப்பு எண்டு பிள்ளையளைப் போட்டு வதைக்கிறம்,” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் பிரேத பரிசோதனை செய்தவர் தமிழ் தெரிந்தவர். யோகத்தைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்துக் கோயில் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். ‘மாணவரும் ஒழுக்கமும்’ என்று பானர். பிளாஸ்ரிக் கதிரைகள், பின்னால் மேசையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் தலைமை. எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைத்தார்கள். சினிமா, கிரிக்கெட், முடி வெட்டுகிற விதம், கடற்கரையில் பெண்பிள்ளைகளோடு நிற்பது. முன்வரிசையில், நிமலனோடு ரயில் பாதைக்குப் போன மற்ற இரண்டு பொடியன்களின் தாய்மார் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதி, மடித்து, என் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

என் முறை வந்தது. எழுந்து, பிள்ளைகளுக்கு நல்ல நித்திரையும் சத்துணவும் வேண்டும் என்று பேசினேன். கை தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் யோகம் எழுந்தார். அவர் வந்திருப்பதையே நான் கவனிக்கவில்லை.

“என்ர பிள்ளைக்கு மாரடைப்பு இல்லை,” என்றார். “அவன் தூள் குடிச்சுச் செத்தவன். டொக்டர் சொன்னவர். தனியக் குடிக்கேல்லை, இன்னும் பொடியள் இருக்கிறாங்கள். உங்கட பிள்ளையளின்ர பைகளைப் பாருங்கோ. நான் இயக்கமெண்டு பயந்து, பாக்கவேண்டியதைப் பாக்காமல் விட்டிட்டன்.”

முன்வரிசைத் தாய் ஒருத்தி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கேள்வி இருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆள் எழுந்து ‘ஓம்’ என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “அம்மா பெரிய துக்கத்தில இருக்கிறா. நாங்கள் எல்லாரும் விளங்கிக்கொள்ள வேணும்…”

“மிஸ்ஸைக் கேளுங்கோ,” என்றார் யோகம். “முதலே மிஸ்ஸிட்டத்தான் கொண்டுபோய்க் காட்டினனான். அவவுக்குத் தெரியும். கேளுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். நேரே தேத்தண்ணி மேசைக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்தேன். யோகத்திடம் போய் அவர் தோளில் கை வைத்தேன். “பாவம், நல்லாக் களைச்சுப்போனா,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, மெதுவாக அழுத்தி, அவரைக் கதிரையில் இருக்க வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். கையில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். முன்வரிசைத் தாய் திரும்பி மேடையைப் பார்த்து இருந்துகொண்டாள்.

சீருடையோடு வருகிற பிள்ளைகளுக்குக் கடைகளில் சிகரெட் விற்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். சம்மதமானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார் தலைவர். யோகத்தின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடியே நானும் உயர்த்தினேன்.